பெல்பாட்டம் எழுத்து

கொழும்புக்கு அடுத்த வத்தளையில் எங்கள் தெருமுனையில் இருந்த செருப்புக் கடையை மூடிவிட்டு, போன மாதம் அங்கே ஒரு கேக் கடை திறந்தார்கள். கேக் வாங்குகிற ஆள் நானில்லை. சர்க்கரை வியாதி வந்து ஆறு வருஷமாகிறது. ஆனாலும் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் அந்தக் கடையையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். காரணம் அதன் பெயர்ப்பலகை. வெள்ளைப் பலகையில் கறுப்பு ஆங்கில எழுத்து. நல்ல தடித்த எழுத்து. ஒவ்வொரு கோடும் நடுவில் கொஞ்சம் ஒடுங்கி, நுனிக்குப் போகப் போக அகன்று, முடிகிற இடத்தில் பாதத்தை அழுத்தி ஊன்றிக்கொண்டு நிற்கிறது.

மகளிடம் சொன்னேன். அவள் விளம்பர நிறுவனமொன்றில் வேலை செய்கிறாள். "இப்ப எல்லா இடத்துலயும் அதுதாம்மா. பழைய ஸ்டைல் திரும்பி வந்திருக்கு" என்றாள். அதற்கு ஏதோ ஆங்கிலப் பெயரும் சொன்னாள். எனக்கு மனதில் நிற்கவில்லை. மலைநாட்டில், ஹட்டன் அச்சகமொன்றில் வேலை செய்த காலத்தில் நாங்கள் அதற்கு வைத்திருந்த பெயர் பெல்பாட்டம்.

வைத்தவர் எங்கள் அச்சக முதலாளி. இளவயதில் அப்படிப்பட்ட காற்சட்டை போட்டுக்கொண்டு ஹட்டன் ஸ்டேஷன் மேடையில் நடந்தவர் அவர் என்று கேள்வி. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் சாரத்துக்கு மாறி வெகுகாலமாகியிருந்தது. புதிதாக வந்த கம்ப்யூட்டரில் நான் எழுத்து வகைகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தேன். இதைப் பார்த்ததும் விரலால் திரையைத் தட்டினார். "இந்தா, கால் எல்லாம் கீழ வந்து விரியுது பாரு. பெல்பாட்டம்!" அன்றிலிருந்து அச்சகத்தில் அந்தப் பெயர்தான்.

அச்சகம் என்றதும் எனக்கு முதலில் மண்ணெண்ணெய் வாசம்தான் வருகிறது. உருளைகளைத் துடைக்க மண்ணெண்ணெய், கையில் ஒட்டிய மையைக் கழுவ மண்ணெண்ணெய். வீட்டில் சோற்றில் கை வைத்தாலும் அதே வாசம். மழைக்காலத்தில் கடதாசி ஈரம் குடித்துச் சுருண்டுகொள்ளும். அதை ஒரு மின்விளக்கின் அடியில் பரப்பி வைத்துக் குழந்தைக்குப் போலச் சூடு காட்டுவோம். கம்ப்யூட்டர் மட்டும் மாடியில், தனியறையில், துணி போர்த்திக்கொண்டு இருக்கும். அதற்கு நான்தான் காவல்.

பெல்பாட்டத்தின் குணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் வரும் ஆங்கில எழுத்தின் கால் நுனியில் மெல்லிய குறுக்குக்கோடு ஒன்று தனியாக நிற்கும். மலிவான தாளில் அது பாதி விழும், பாதி விழாது. பெல்பாட்டத்தில் அப்படி ஒட்டுவேலை கிடையாது. காலே அகன்று பாதமாகிவிடும். உடைந்து விழ எதுவுமில்லை. ஆகவே எந்த மோசமான தாளிலும் அது தன் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ளும். திருவிழா நோட்டீஸ், விளையாட்டுப்போட்டிச் சான்றிதழ், பேக்கரிப் பெட்டி, பஸ்ஸின் நெற்றிப் பலகை எல்லாவற்றுக்கும் அதையே போட்டேன். ஒருமுறை கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்கும் போட்டுவிட்டேன். பெண்ணின் அப்பா பத்திரிகையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னாம்மா, மாப்பிள எலக்சன் கேக்குறாரா?" என்றார். அன்றுதான் எனக்குப் புரிந்தது, அந்த எழுத்துக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

அவர் அப்படிக் கேட்டபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து சத்தமாகச் சிரித்தவள் சரோஜா. எங்கள் அச்சகத்தில் புரூப் பார்ப்பவள். அச்சுக்குப் போவதற்கு முன்னால் பிழை திருத்துகிற வேலை. லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேல் டிவிசனில் லயத்து வீடு, தொழிலாளருக்குத் தோட்டம் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. அப்பா இல்லை, அம்மா கொழுந்து பறிக்கிறார். உயர்தரம் படித்துத் தேறிவிட்டு, ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தாள். காத்திருக்கும் காலத்துக்குத்தான் அச்சகம். தினமும் காலையில் பஸ்ஸிலிருந்து நனைந்த குடையோடு இறங்கி வருவாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. என்னைப் 'புள்ள' என்பாள், நானும் அவளைப் 'புள்ள' என்பேன். எங்களை யாராவது கூப்பிட்டால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாது.

அவள் சிவப்புப் பேனாவுக்கு முதலாளியே பயப்படுவார். கோவில் தலைவர் பெயரில் ஒரு புள்ளி கூடினாலும் விடமாட்டாள்.

ஒரு புதன்கிழமை காலையில் அவள் வந்தபோது குடை இல்லை. தலை நனைந்திருந்தது. ஒரு நீளக் கடித உறையை என் மேசைமேல் வைத்தாள். அரசாங்கக் கடிதம், சிங்களத்தில் இருந்தது. ஆசிரியர் நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொல்லி எழுதியிருந்தார்கள். தேதியைப் பார்த்தேன். நான்கு நாட்களுக்கு முன்னால் முடிந்திருந்தது.

"இப்பதான் வந்துச்சா?" என்றேன்.

"வந்து பதினோரு நாளாச்சாம். கீழ் டிவிசன்ல ஒரு எஸ். சரோஜா இருக்காங்க. தோட்டத்து ஆபீஸ்ல அவங்ககிட்ட குடுத்துட்டாங்க. அவங்களுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. அடையாள அட்டை கடுதாசின்னு நெனச்சு சாமி படத்துக்குப் பின்னால வச்சிருந்திருக்காங்க. நேத்து அவங்க மருமகன் வந்து வாசிச்சுப் பாத்துட்டு, அவரே ஓடியாந்து குடுத்தாரு."

"ஆபீஸ்ல போய்ச் சண்டை போடலயா?"

"யாரோட போடுறது புள்ள? கடுதாசில 'எஸ். சரோஜா'ன்னு மட்டுந்தான் இருக்கு. தோட்டத்துப் பேரு இருக்கு. வேற என்னா இருக்கு எழுதுறதுக்கு? நம்ம வீட்டுக்கு நம்பரா, தெருவா? யாரு மேலயும் தப்பில்ல. அதான் கோவமே."

அவள் அழவில்லை. உட்கார்ந்து அன்றைய புரூப்பை எடுத்தாள். மத்தியானம் வரை பிழை திருத்தினாள். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது திடீரென்று, "பெல்பாட்டத்துல தமிழ் இருக்கா?" என்று கேட்டாள்.

இல்லை. எங்கள் கம்ப்யூட்டரில் இருந்த தமிழெல்லாம் ஒல்லியானவை, காய்ச்சலில் எழுந்தவை மாதிரி இருக்கும். "அப்ப நீ வரை. எங்க லயத்துல பதினாறு வீடு. பதினாறுக்கும் நம்பரும் பேரும் போட்டுப் பலகை செய்யணும்" என்றாள்.

எப்படியோ நான் சரி என்றேன். மூன்று வாரம் சாப்பாட்டு நேரமெல்லாம் அதிலேயே போனது. இருக்கும் தமிழ் எழுத்தை எடுத்து, கோடுகளை மவுஸால் பிடித்து இழுத்து இழுத்துத் தடிப்பாக்கினேன். 'ப'வுக்கு வேலையே இல்லை. இரண்டு கையும் மேலே போய் நுனியில் விரிந்துகொள்ளும், பிறந்ததிலிருந்தே பெல்பாட்டம் போட்ட எழுத்து அது. 'ட'வும் சொன்னபடி கேட்டது. 'ண'தான் உயிரை எடுத்தது. தடிப்பாக்கினால் சுழிகள் அடைத்துக்கொண்டு கறுப்புக் கட்டியாகிவிடும். சரோஜா பின்னால் நின்று பார்த்துக்கொண்டே, "சுழிய பெருசாக்கு, மத்ததெல்லாம் தன்னால அடங்கும்" என்றாள். சொன்னபடி செய்தேன். அடங்கியது. வரைகிற ஆள் நான், கண் அவளுடையது.

பதினாறு பெயர்களையும் அவளே வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். ஐந்தாம் வீட்டில் அண்ணனும் தம்பியும் யார் பெயர் முதலில் என்று சண்டை போட்டு, கடைசியில் அவர்கள் அம்மா பெயரைப் போடச் சொன்னார்களாம். ஓர் ஆள் மட்டும் செத்துப்போன மனைவி பெயரைப் போடச் சொன்னார். "அவ பேருக்கு ஒரு கடுதாசியும் வந்ததில்ல. பலகையாச்சும் இருக்கட்டும்" என்றாராம். ஒன்பதாம் இலக்கம் சரோஜாவின் வீடு. அதில் தன் பெயரோடு அம்மாவின் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பலகை அடிப்பதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க வேண்டுமாம். மலையின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த நீள லயம். முன்னால் ஒரு வாசல் பாதை, அதற்குக் கீழே தேயிலை, அதற்குக் கீழே மூடுபனி. அவள் அம்மா கோதுமை ரொட்டியும் கட்டசம்பலும் தந்தார். என் கையைப் பிடித்து மை படிந்த நகங்களைப் பார்த்துவிட்டு, "எங்க கைய விடக் கறுப்பா இருக்கே, பாப்பா" என்று சிரித்தார். கொழுந்துக் கறை படிந்த தன் விரல்களைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

நான் கதவருகே மூன்று தாள்களோடு நின்றேன். மூன்றிலும் ஒன்பது என்று எழுத்தில் எழுதியிருந்தது. ஒன்று ஒல்லி எழுத்து. ஒன்று சும்மா தடித்த எழுத்து. ஒன்று பெல்பாட்டம். சரோஜா பாதையில் இறங்கிப் பனிக்குள் போனாள். முதலில் அவள் கால் மறைந்தது, பிறகு அவளே மறைந்தாள். சத்தம் மட்டும் வந்தது.

"மொதலாவது தெரியல!"

தாளை மாற்றினேன்.

"ரெண்டாவது கறுப்பா ஏதோ தெரியுது! கோழியா, பூனையான்னு தெரியல!"

மூன்றாவதைப் பிடித்தேன். பிறகு, "ஒம்பது! எங்க வீடு!" என்று கத்தினாள். லயத்துப் பிள்ளைகளெல்லாம் சேர்ந்து கத்தினார்கள். அந்தச் சத்தம் பனிக்குள் எங்கெங்கோ போய்த் திரும்பி வந்தது.

தகரத் துண்டுகளுக்கு வெள்ளை அடித்து, ஸ்க்ரீன் போட்டுக் கறுப்பில் அச்சடித்தோம். முதலாளி தகரத்தைத் தந்தார். பதினாறு கதவிலும் ஆணி அடித்து மாட்டிய மூன்றாம் நாள் கண்டாக்கு வந்தார். தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கிற அதிகாரி. கழற்றச் சொன்னார்.

"கதவு தோட்டத்தோடதும்மா. கண்டபடி ஆணி அடிக்க முடியாது."

"கதவு தோட்டத்தோடது, சரிங்க ஐயா" என்றாளாம் சரோஜா. "பேரு எங்களோடது."

அவருக்கும் மேலிடத்துக் கட்டளை. கழற்றத்தான் வேண்டியிருந்தது. மறுநாள் காலையில் அவர் வந்து பார்த்தால், பதினாறு பலகையும் கதவுக்கு ஓரடி முன்னால் கம்பு நட்டு, அதில் தொங்கின. பூச்செடிக்கு முட்டுக் கொடுத்த கம்பு என்று சொன்னார்களாம். கண்டாக்கு கம்புகளைப் பார்த்துவிட்டுத் தன் வழியே போய்விட்டார். அதற்குப் பிறகு ஆபீசில் தபால் பிரிப்பவரே கடிதத்தின் மூலையில் வீட்டு இலக்கத்தைப் பென்சிலால் எழுதத் தொடங்கினார். அடுத்த வருஷம் சரோஜாவின் நேர்முகப் பரீட்சைக் கடிதம் இலக்கம் ஒன்பதுக்கு, வந்த அன்றே போய்ச் சேர்ந்தது.

அவளுக்கு வலப்பனைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடம் கிடைத்தது. போகிற அன்று அச்சகத்துக்கு வந்து சிவப்புப் பேனாவை முதலாளி கையில் கொடுத்தாள். "பாத்துப் போடுங்க மொதலாளி. நான் இல்லன்னு தப்புத்தப்பா அடிக்காதீங்க." அவர் சிரித்துவிட்டுத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தார். பள்ளி விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஒரு நாள் எங்களோடு வந்து உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள். அவள் இடத்துக்கு வேறு ஆள் எடுக்கவில்லை.

மூன்றாம் வருஷ விடுமுறையில் வந்தவள் அச்சகத்துக்கு வரவில்லை. மழை பெய்துகொண்டே இருந்தது. ஹட்டனில் ரோடெல்லாம் ஆறு. நாளைக்கு வருவாள், நாளை மறுநாள் வருவாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை பத்து மணியிருக்கும், மேல் டிவிசன் லயத்துக்கு மேலிருந்த மலை கழன்று வந்துவிட்டது. அன்று விடியலில் மழை கொஞ்சம் விட்டிருந்ததால் வேலைக்குப் போனவர்கள் வேறு மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அம்மாவும் அங்கேதான். வீட்டில் இருந்தவர்கள் பிள்ளைகளும் வயசானவர்களும் சுகமில்லாதவர்களும். சரோஜா வீட்டில் இருந்தாள்.

பாதை திறந்து நான் போய்ச் சேர மூன்று நாளானது. லயம் இருந்த இடத்தில் லயம் இல்லை. சிவப்பு மண், பாறை, வேரோடு புரண்ட மரங்கள். எங்கே நின்று ரொட்டி சாப்பிட்டேன் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தோண்டுகிறவர்கள் கேட்டார்கள், எந்த வீடு எங்கே இருந்தது என்று. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை. ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள்.

மண்ணிலிருந்து தகரங்கள் வந்துகொண்டிருந்தன. அன்று கழற்றச் சொன்ன அதே கண்டாக்கு, முழங்கால் வரை சேற்றில் நின்று ஒவ்வொன்றையும் எடுத்துத் தன் சட்டையால் துடைத்து, புல்லில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். சிலது வளைந்திருந்தது. வெள்ளைப் பூச்சு உரிந்திருந்தது. எழுத்து உரியவில்லை. ஏழு, எட்டு, பத்து. எட்டும் பத்தும் கிடைத்த இடத்துக்கு நடுவில் தோண்டச் சொன்னார். என்னைக் கண்டதும் அவருக்கு யாரென்று தெரிந்தது.

"இன்னும் ஒம்பது வரல, தங்கச்சி" என்றார்.

பலகை கடைசிவரை வரவில்லை. சரோஜா மறுநாள் மத்தியானம் கிடைத்தாள்.

மரண அறிவித்தல் அடிக்க வேண்டும். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவள் பெயரில் முதல் எழுத்தைத் தட்டிவிட்டு அப்படியே இருந்தேன். முதலாளி வந்து தோளைத் தொட்டு, "நீ எந்திரி, நான் அடிக்கிறேன்" என்றார். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாகத் தேடித் தேடி, ஒரு காலை முழுக்க அடித்தார். அச்சாகி, ஹட்டன் சுவர்களில் ஒட்டிய பிறகுதான் பார்த்தேன். 'நல்லடக்கம்' என்பதில் 'க்' விட்டுப்போயிருந்தது. அதைப் பிடிக்கிற கண் எங்களிடம் இல்லை. அவரிடம் நான் சொல்லவேயில்லை. அவராகவே பார்த்திருப்பார். சிவப்புப் பேனா அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

ஐந்தாறு மாதம் கழித்து அவள் அம்மா அச்சகத்துக்கு வந்தார். தப்பியவர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்து, பிறகு வேறொரு மலையில் தற்காலிக வீடு கொடுத்திருந்தார்கள். முந்தானையில் சுற்றி ஒரு நீளக் கடித உறை வைத்திருந்தார்.

"இத வாசிச்சுச் சொல்லு பாப்பா. ஆபீஸ்ல குடுத்தாங்க. அவ பேரு போட்டிருக்குன்னாங்க."

சிங்களத்தில் இருந்தது. ஆசிரியை எஸ். சரோஜாவின் நியமனம் நிரந்தரமாக்கப்பட்டிருக்கிறது என்று அறிவித்திருந்தார்கள். ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோரில் யாருக்கோ அவள் இறந்த செய்தி போய்ச் சேர்ந்திருக்கவில்லை. முகவரியில் அவள் முழுப்பெயர், இலக்கம் ஒன்பது, மேல் டிவிசன், தோட்டத்துப் பெயர் எல்லாம் ஒரு பிழையில்லாமல் இருந்தன.

சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியுமா? அவர் கடிதத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப இனிமே அந்த வேலைய யாரும் புடுங்க முடியாது, அப்படித்தானே?"

"ஆமாங்கம்மா."

"நல்லது" என்றார். மடித்து, பழையபடி முந்தானையில் சுற்றிக்கொண்டார். தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன். பஸ் போயிடும் என்று இறங்கிப் போனார்.

எனக்குக் கல்யாணமாகி நான் கொழும்புப் பக்கம் வந்துவிட்டேன். அடுத்தடுத்து எல்லாம் போயின. முதலாளி போனார். அச்சகம் இருந்த கட்டடத்தில் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள். கம்ப்யூட்டரை யாருக்கு விற்றார்களோ, நான் வரைந்த தமிழ் அதற்குள்ளேயே போய்விட்டது. வேறெங்கும் பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை. சரோஜாவின் அம்மா புது வீட்டுக்குப் போன மறுவருஷம் தவறிவிட்டார் என்று ஹட்டனிலிருந்து வந்த ஒருவர் சொல்லித்தான் தெரியும். அதுவும் எட்டு மாதம் கழித்து.

போன ஏப்ரலில் ஒரு கல்யாணத்துக்காக லிந்துலைப் பக்கம் போனபோது, திரும்புகிற வழியில் தோட்டத்துச் சந்தியில் இறங்கினேன். மேல் டிவிசன் இருந்த மலையில் காட்டுமரங்கள் வளர்ந்து ஒரே பச்சையாக இருந்தது. பஸ்ஸுக்கு நின்ற பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தியிடம், அங்கே ஏறிப்போகப் பாதை இருக்கிறதா என்று கேட்டேன்.

"அங்க ஒண்ணும் இல்லையே, ஆன்ட்டி. வெறும் காடு."

"முன்ன லயம் இருந்துச்சும்மா."

"அப்படியா? அங்கயா?" நம்பாமல் மலையைப் பார்த்தாள். "எத்தன வீடு?"

"பதினாறு" என்றேன். யார் யார் இருந்தாங்க என்று அவள் கேட்டிருப்பாள் போல. அதற்குள் பஸ் வந்து, ஏறிப் போய்விட்டாள்.

நான் அங்கேயே நின்று, முதல் வீட்டிலிருந்து ஒவ்வொரு பெயராக மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒவ்வொன்றையும் என் கையால் கோடு கோடாக இழுத்து வரைந்தவள் நான். ஒன்பது வரை வந்தது. பத்து வந்தது. பதினோராம் வீட்டில் இருந்தவர்கள் பெயர் எவ்வளவு நேரம் நின்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.